கண்டமாலையும் ஹாட்ஜ்கின் நோயும்: ஒரு நிணநீர்க்கணுவைப் படிக்கக் கற்ற கதை

கழுத்தில் நெறி கட்டினால் வீட்டிலுள்ள பெரியவர்கள் முதலில் தலையில் புண் இருக்கிறதா, பல்லில் சொத்தை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். புண் ஆறினால் நெறியும் வடிந்துவிடும். வடியாமல் வாரக்கணக்கில் நின்று, ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, கழுத்தைச் சுற்றி மாலை கோத்ததுபோல் எழும் கட்டிகளுக்குச் சித்த மருத்துவம் கண்டமாலை என்று பெயரிட்டது. ஐரோப்பியர் அதையே ஸ்குரோஃபுலா என்றனர். இன்றைய மருத்துவ மாணவரிடம் கேட்டால் அது நிணநீர்க்கணுக் காசநோய் என்பார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். உலகக் காசநோயாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வாழும் நாட்டில், நுரையீரலுக்கு வெளியே அந்நோய் மிகுதியாகத் தங்கும் இடம் நிணநீர்க்கணுதான்.

ஆனால் கண்டமாலை என்ற அந்த ஒரே பெயருக்குள் வேறொரு நோயும் நெடுங்காலம் ஒளிந்திருந்தது. அதே கழுத்து, அதே வலியற்ற வீக்கம், அதே மாலைக் காய்ச்சல், அதே இரவு வியர்வை, அதே எடைக்குறைவு. நோயாளியை எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் இரண்டையும் உறுதியாகப் பிரிக்க இயலாது. கணுவை வெட்டியெடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தால்தான் பிரிக்க முடியும். சில வேளைகளில் அங்கும் எளிதன்று. அந்த இரண்டாம் நோயைக் காசநோயிலிருந்து பிரித்தெடுத்த வரலாறே நிணநீர்ப் புற்றுநோய்களின் ஆய்வக வரலாற்றில் முதல் பெரிய வழக்கு எனலாம். அந்த வழக்கு இந்தியாவில் இன்னும் முடியவில்லை.

தாமஸ் ஹாட்ஜ்கின் 1798ஆம் ஆண்டு லண்டன் அருகே ஒரு குவாக்கர் குடும்பத்தில் பிறந்தவர். எடின்பரோவில் பட்டம் பெற்று, பாரிசில் லேனெக்கிடம் இதயத்துடிப்புமானியைக் கையாளக் கற்றுத் திரும்பினார். லண்டன் கைஸ் மருத்துவமனையில் அவருக்குக் கிடைத்த பொறுப்பு நோயாளிகளின் படுக்கையருகே அன்று, பிணவறையில். இறந்தோரின் உடல்களை ஆய்வதும், நோயுற்ற உறுப்புகளைப் பதப்படுத்தி அருங்காட்சியகத்தில் வரிசைப்படுத்துவதும் அவர் பணி. சில ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளுக்கு அட்டவணை அமைத்தார். கண்ணாடிக் குடுவைகளில் உறுப்புகளைச் சேர்த்துவைக்கும் அந்தச் சலிப்பூட்டும் வேலையைப் பெரிய அறிவியல் என்று அன்று எவரும் கருதவில்லை. நூறாண்டுகள் கழித்து அந்தக் குடுவைகள்தான் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டன.

1832 ஜனவரியில் லண்டன் மருத்துவ, அறுவை மருத்துவச் சங்கத்தில் அவர் கட்டுரை வாசிக்கப்பட்டது. அவர் அப்போது சங்க உறுப்பினர் அல்லர். செயலாளர் ராபர்ட் லீதான் அதை வாசித்தார். ஏழு நோயாளிகளைப் பற்றிய விவரங்கள் அதில் இருந்தன. கணுக்களும் மண்ணீரலும் பெருத்திருந்தன. வேறோர் உறுப்பின் அழற்சியால் கணு வீங்குவது எல்லா மருத்துவரும் அறிந்தது. இங்கோ கணுவே நோயின் பிறப்பிடம் என்று ஹாட்ஜ்கின் வாதிட்டார். தமக்கு முன் பதினேழாம் நூற்றாண்டில் மால்பிகி இத்தகைய ஒன்றைக் கண்டிருக்கக்கூடும் என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட்டார். கட்டுரைக்குப் பெரிய வரவேற்பு எதுவும் இல்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. அந்த ஏழு பேரின் கணுக்களில் எதையும் ஹாட்ஜ்கின் நுண்ணோக்கியில் பார்க்கவில்லை. நுண்ணோக்கி அறியாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் செம்மைப்படுத்திய நுண்ணோக்கியைக் கொண்டு, 1827ஆம் ஆண்டிலேயே அவருடன் இணைந்து இரத்தச் சிவப்பணு இருபுறமும் குழிந்த தட்டு வடிவம் கொண்டது என்று துல்லியமாக எழுதியவர் அவர். ஆனால் திசுவை மெல்லிய சீவலாக வெட்டவும், சாயமேற்றவும் வழியில்லாத காலத்தில் கணுவை அதன் கீழ் வைத்து என்ன காண முடியும்? கருவி இருந்தும் அதற்குரிய செய்முறை இல்லையென்றால் கண்டுபிடிப்பு காத்திருக்கும். ஆய்வக வரலாற்றைக் கருவிகளின் வரலாறாக மட்டும் எழுதுவோர் இதைத் தவறவிடுகின்றனர்.

1837இல் கைஸ் மருத்துவமனையில் துணை மருத்துவர் பதவி காலியானது. ஹாட்ஜ்கினுக்கு அது கிடைக்கவில்லை. மருத்துவமனையின் பொருளாளராக எல்லா அதிகாரத்தையும் கையில் வைத்திருந்த பெஞ்சமின் ஹாரிசன், ஹட்சன் விரிகுடா வணிக நிறுவனத்திலும் பொறுப்பு வகித்தவர். அந்நிறுவனம் வட அமெரிக்கப் பழங்குடியினரை நடத்திய விதத்தை ஹாட்ஜ்கின் வெளிப்படையாகக் கண்டித்துவந்தார். பதவி வேறொருவருக்குச் சென்றது. ஹாட்ஜ்கின் கைஸை விட்டு வெளியேறினார். அதே ஆண்டு தோன்றிய பழங்குடியினர் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவியவர்களுள் அவர் ஒருவர். 1866இல் தம் நண்பர் மோசஸ் மான்டிஃபியோரியுடன் பாலஸ்தீனம் சென்றபோது வயிற்றுக்கடுப்பால் யாஃபாவில் இறந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். நோய்க்கு அவர் பெயர் நிலைத்ததற்கு அவர் காரணம் அல்லர். அதே கைஸில் பணியாற்றிய சாமுவேல் வில்க்ஸ் 1856இல் இதே நோயைத் தாமாகவே கண்டெழுதினார். பின்னர் ஹாட்ஜ்கினின் பழைய கட்டுரை இருப்பதை அறிந்து, 1865இல் தம் கட்டுரைத் தலைப்பிலேயே ‘ஹாட்ஜ்கின் நோய்’ என்று பெயர் சூட்டினார். முந்தியவருக்கு உரியதை முந்தியவருக்கே கொடுத்த இப்பெருந்தன்மை அறிவியலில் அடிக்கடி காணக்கிடைப்பதன்று.

இதற்கிடையில் இரத்தப் புற்றுநோயும் தனி நோயாகப் பெயர் பெற்றுவிட்டது. 1845இல் எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட்டும் பெர்லினில் ருடால்ஃப் ஃபிர்க்கோவும் சில வார இடைவெளியில் வெள்ளையணுக்கள் பெருகிய இரத்தத்தை விவரித்தனர். பென்னட் அதைச் சீழ் என்று கருதினார். ஃபிர்க்கோ சீழ் அல்ல என்றார். ‘வெள்ளை இரத்தம்’ எனப் பொருள்படும் லியூக்கீமியா என்ற சொல்லையும் பின்னர் தந்தார். கணுவும் மண்ணீரலும் வீங்கியிருந்து, இரத்தம் மட்டும் இயல்பாக இருந்தால் ஜெர்மானிய மருத்துவர்கள் அதனைப் ‘போலி லியூக்கீமியா’ என்றனர். அந்தப் பெயரின் கீழ் ஹாட்ஜ்கின் நோயும் அடங்கியது, பிற நிணநீர்ப் புற்றுகளும் அடங்கின, காசநோயும் அடங்கியது. ஒரு நோய்க்கு எது இல்லை என்பதைக் கொண்டு பெயர் வைத்தால் நேர்வது இதுதான்.

1882 மார்ச்சில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்தார். அதன்பின் எல்லா நோய்க்கும் ஒரு கிருமி தேடும் காலம் தொடங்கியது. வியன்னாவில் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் 1898இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் காலத்தின் பிள்ளை. அவர் பதின்மூன்று நோயாளிகளின் திசுக்களை ஆராய்ந்தார். கணுக்களில் தனித்தன்மை வாய்ந்த பெரிய செல்களைக் கண்டு தெளிவாக விவரித்தார்; படமும் தந்தார். அவர் கண்டது சரி. அதற்குச் சொன்ன விளக்கம்தான் சரியில்லை. அந்நோயாளிகள் பலரிடம் காசநோயும் இருந்ததால், இது நிணநீர் மண்டலத்தைத் தாக்கும் ஒரு விசித்திரமான காசநோயே என்று முடிவு செய்தார். கட்டுரையின் தலைப்பே அதைச் சொல்லியது. வியன்னாவின் பிணவறைக்கு வந்த உடல்களில் காசநோயின் தடயம் இல்லாதவை அன்று அரிது என்பதை நினைத்துப் பார்த்தால், அவர் முடிவை எளிதில் நகைக்க முடியாது. எங்கும் நிறைந்திருக்கும் ஒன்றைக் காரணம் என்று கொள்ளும் பிழை அது.

அப்பிழையைத் திருத்தியவர் டாரதி ரீட். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி 1893இல் திறக்கப்பட்டபோது பணப் பற்றாக்குறையை மேரி காரெட் தலைமையில் பெண்கள் திரட்டிய நிதிதான் தீர்த்தது. ஆண்களுக்கு நிகராகப் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. அந்த வாயில் வழியாக உள்ளே சென்றவர்களுள் ஒருவர் ரீட். 1900இல் பட்டம் பெற்று, வில்லியம் ஆஸ்லரின் கீழ்ப் பயிற்சி முடித்து, நோயியல் பேராசிரியர் வில்லியம் வெல்ச்சின் ஆய்வகத்தில் ஆய்வாளராகச் சேர்ந்தார். அங்கே எட்டு நோயாளிகளின் திசுக்களை எடுத்துக்கொண்டு, ஹாட்ஜ்கின் நோய்க்கும் காசநோய்க்கும் உள்ள உறவு என்ன என்ற கேள்வியையே நேரடியாகக் கேட்டார். 1902இல் கட்டுரை வெளியானபோது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை.

ரீட் வரைந்த செல் இன்று உலகின் எல்லா நோயியல் மாணவர்க்கும் மனப்பாடம். சுற்றியுள்ள நிணநீரணுக்களைவிடப் பன்மடங்கு பெரியது. உட்கரு இரண்டாகப் பிரிந்து, ஒன்று மற்றொன்றின் கண்ணாடி பிம்பம்போல் எதிரெதிரே நிற்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் செக்கச்செவேலென்று ஒரு பெரிய உட்கருமணி. ஆந்தையின் இரு கண்கள் நம்மை உற்று நோக்குவதுபோல் இருக்கும் என்று பாடநூல்கள் வருணிப்பது இதைத்தான். காசநோய்க் கணுவிலும் பெருஞ்செல் உண்டு. லாங்ஹான்ஸ் செல் எனப்படும் அதில் பல சிறு உட்கருக்கள் குதிரைலாடம்போல் ஓரத்தில் வரிசைகட்டி நிற்கும். இரண்டும் வேறு என்பதை ரீட் அழுத்தமாக நிறுவினார். அத்துடன் நிற்காமல், கணுத்திசுவை விலங்குகளின் உடலில் செலுத்தியும் பார்த்தார், காசநோய் தோன்றவில்லை. நோயாளிகளுக்கு டியூபர்குலின் செலுத்தியபோது காசநோயாளரிடம் எதிர்பார்க்கும் எதிர்வினையும் தோன்றவில்லை. ஆகவே ஹாட்ஜ்கின் நோய் காசநோய் அன்று. இரண்டும் ஒரே உடலில் சேர்ந்து இருக்கலாம், அவ்வளவே.

முடிவு சரி. ஆனால் அதற்கு அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று, அவர் எண்ணிய காரணத்தால் சான்றாகவில்லை. டியூபர்குலின் எதிர்வினை தோன்றாமல் போனதற்குக் காசநோய் இல்லாமை மட்டும் காரணம் அன்று என்பது பின்னர் தெரியவந்தது. ஹாட்ஜ்கின் நோய் உடலின் செல்வழி நோயெதிர்ப்பையே மழுங்கடிக்கிறது. முன்பு காசநோய்க்கிருமி உடலில் புகுந்திருந்தாலும்கூட அந்நோயாளியின் தோல் எதிர்வினை காட்டாமல் போகலாம். காசநோய் இல்லை என்பதற்கான அடையாளமாக ரீட் எடுத்துக்கொண்டது, உண்மையில் ஹாட்ஜ்கின் நோயின் ஓர் அடையாளம். சரியான முடிவுக்குப் பிழையான படி ஒன்றின் வழியாகவும் ஏற முடிகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நோயியல் வரலாற்றில் அரிது. இன்று மாண்டூ சோதனையில் தடிப்பு எழவில்லை என்பதை மட்டும் வைத்து எதையும் தள்ளிவிடக் கூடாது என்பதும் இதனுள் அடங்கும்.

தமக்கு அங்கே மேற்பதவி கிடைக்குமா என்று ரீட் வெல்ச்சிடம் கேட்டார். அக்கல்லூரியில் பெண் எவரும் கற்பிக்கும் பதவி வகித்ததில்லை என்பதே விடையாக வந்தது. அவர் நோயியலை விட்டு நியூயார்க்கில் குழந்தைகள் மருத்துவமனைக்குச் சென்றார். 1906இல் இயற்பியலாளர் சார்லஸ் மெண்டன்ஹாலை மணந்து விஸ்கான்சினில் குடியேறினார். தம் குழந்தைகளில் இருவரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்த அவர், பின்னாளில் தாய்சேய் நலப் பணிக்கே தம்மை ஒப்படைத்தார். அத்துறையில் அவர் செய்ததும் சிறிதன்று. 1964 வரை வாழ்ந்தார். நோயியலில் அவர் முழுமையாகச் செலவிட்ட காலம் ஏறத்தாழ ஓராண்டு. அந்த ஓராண்டின் பயனாக நின்ற செல்லுக்கு ரீட்–ஸ்டெர்ன்பெர்க் செல் என்று இருவர் பெயரும் சூட்டப்பட்டுள்ளது. அது காசநோய் என்றவரும் அல்ல என்றவரும் ஒரே பெயரில் கோக்கப்பட்டிருக்கின்றனர்.

ரீட் எழுதியதும் வழக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தால் தவறு. கிருமி தேடும் படலம் இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 1913இல் பன்டிங், யேட்ஸ் இருவரும் ‘கோரினிபாக்டீரியம் ஹாட்ஜ்கினி’ என்ற கிருமியே காரணம் என்றனர். அந்த ஆய்வு நடந்தது ரீட் குடியேறிய அதே விஸ்கான்சினில். 1920களின் இறுதியில் நியூயார்க்கில் எலீஸ் லெஸ்பரன்ஸ் பறவைக் காசநோய்க் கிருமியைச் சுட்டினார். எதுவும் நிலைக்கவில்லை.

இவற்றுள் மிகச் சுவையானது லண்டன் புனித பர்த்தலோமியூ மருத்துவமனையின் மெர்வின் கார்டன் 1930களின் தொடக்கத்தில் அறிவித்த சோதனை. ஹாட்ஜ்கின் நோயாளியின் கணுவை அரைத்துக் கரைசலாக்கி முயலின் மூளைக்குள் செலுத்தினால், சில நாள்களில் முயலுக்குத் தசை விறைப்பும் வாதமும் வந்தன. சாதாரணக் கணுவைச் செலுத்தினால் வரவில்லை. காசநோய்க் கணுவுக்கும் வரவில்லை. இருநோய்களையும் பிரிக்கும் சோதனை கிடைத்துவிட்டது, நோய்க்குக் காரணமான நச்சுயிரியும் பிடிபட்டுவிட்டது என்ற நம்பிக்கை எழுந்தது. 1938இல் டர்னர், ஜாக்சன், பார்க்கர் மூவரும் உண்மையை வெளிக்கொணர்ந்தனர். ஹாட்ஜ்கின் கணுக்களில் ஈசினோஃபில் வெள்ளையணுக்கள் மிகுதியாகக் குவிந்திருப்பது வழக்கம். முயலை முடக்கியது அவைதான். ஈசினோஃபில் நிறைந்த வேறெந்தத் திசுவைச் செலுத்தினாலும் முயல் முடங்கியது. பல பத்தாண்டுகள் கழித்து அந்த அணுக்களிலிருந்து நரம்பு நச்சுப் புரதமும் பிரித்தெடுக்கப்பட்டது. ஆகக் கார்டன் சோதனை பொய் அன்று. கேட்ட கேள்விக்கு அன்றி வேறொரு கேள்விக்கு அது விடை சொல்லிக்கொண்டிருந்தது. இன்றைய ஆய்வகங்களிலும் நோயோடு கூடிவரும் பொருளை நோயின் பொருளாகக் கொள்ளும் ஆய்வேடுகளுக்குப் பஞ்சமில்லை. பாவம், முயல்கள் மட்டும் இப்போது குறைந்துவிட்டன.

இடையில் 1926ஆம் ஆண்டின் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். ஹாட்ஜ்கின் பதப்படுத்திவைத்த திசுக்களில் மூன்று நோயாளிகளுடையவை கைஸ் அருங்காட்சியகக் குடுவைகளில் அழியாமல் இருந்தன. ஹெர்பர்ட் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க நோயியலாளர் அவற்றிலிருந்து சீவல்கள் எடுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். மூன்றில் இரண்டில் ரீட் வரைந்த அதே தோற்றம் இருந்தது. மூன்றாவது வேறு வகை நிணநீர்ப் புற்று. திசு கிடைக்காத மற்ற நால்வரில் சிலருக்கு இருந்தது காசநோயே என்பது, ஹாட்ஜ்கினின் விவரிப்பை இன்று படிப்போர் பலரின் கணிப்பு. அதாவது ஹாட்ஜ்கின் நோயை முதலில் விவரித்த கட்டுரையிலேயே எல்லாரும் ஹாட்ஜ்கின் நோயாளர்கள் அல்லர். வெறுங்கண்ணால் ஏழில் இரண்டு மூன்றைச் சரியாகப் பிடித்ததே வியப்பு. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அதே திசுக்கள் மீண்டும் வெளியே எடுக்கப்பட்டு, எதிர்ப்புரதங்களைக் கொண்டு சோதிக்கப்பட்டன. 160 ஆண்டுகளுக்குப் பின்னும் அவற்றின் புரதங்கள் சில எதிர்ப்புரதங்களுக்கு விடையளித்தன.

எதிர்ப்புரதம் இக்கதைக்குள் வந்ததற்குக் காரணம் ரீட்–ஸ்டெர்ன்பெர்க் செல்லின் தனித்தன்மை உடைந்துபோனதுதான். 1960களின் இறுதியில், தானே குணமாகும் மானோநியூக்ளியோசிஸ் காய்ச்சலின் கணுக்களிலும் அத்தகைய செல் தோன்றுவதை லூக்ஸ் குழுவினர் காட்டினர். ஆந்தைக் கண்ணைப் பார்த்தவுடன் தீர்ப்பு எழுதுவது ஆபத்தாயிற்று. அச்செல் வேண்டும், அதைச் சுற்றி உரிய பின்னணியும் வேண்டும். அடுத்த சிக்கல், நோயுற்ற கணுவில் அந்தச் செல்கள் நூற்றுக்கு ஒன்றிரண்டு மட்டுமே. மற்றவையெல்லாம் அழைப்பின் பேரில் வந்து கூடிய இயல்பான அணுக்கள். ஊர்க் கூட்டத்தில் கள்வன் ஒருவன். அவனுடைய குலம் எது என்று கூட்டத்தை மொத்தமாக விசாரித்து அறிய முடியாது.

ஜெர்மனியில் ஹாட்ஜ்கின் நோயாளி ஒருவரின் நுரையீரல் உறை நீரிலிருந்து வளர்க்கப்பட்ட எல்428 என்ற செல்வழி இதற்கு உதவியது. கீல் நகரில் ஹரால்ட் ஸ்டைன் முதலியோர் அதைக் கொண்டு ஓர் ஒற்றைவழி எதிர்ப்புரதத்தை உருவாக்கி 1982இல் அறிவித்தனர். நகரின் பெயரால் அது கி–1 எனப்பட்டது. அது பற்றிக்கொண்ட மூலக்கூறே இன்று சிடி30 என்று ஒவ்வொரு நோயியல் அறிக்கையிலும் காணப்படுவது. ஆனால் கி–1 உறையவைத்த புதுத்திசுவில் மட்டுமே வேலை செய்தது. ஃபார்மலினில் ஊறி மெழுகுக் கட்டியில் பதிந்த சாதாரணத் திசுவுக்கும் பயன்படும் எதிர்ப்புரதம் அந்தப் பத்தாண்டின் இறுதியில்தான் வந்தது. வரலாற்று நூல்கள் முதலாவதைப் பெரிதாகச் சொல்லும். உறைபதனப் பெட்டியில்லாத மாவட்டத் தலைநகர் ஆய்வகத்தின் நோக்கில் பார்த்தால் இரண்டாவதே பெரிது.

1994இல் ரால்ஃப் கூப்பர்ஸும் உடன் பணியாற்றியோரும் சீவலிலிருந்து ரீட்–ஸ்டெர்ன்பெர்க் செல்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்து அவற்றின் மரபணுவைப் பெருக்கிப் படித்தனர். ஒரே நோயாளியின் செல்கள் அனைத்திலும் எதிர்ப்புரத மரபணு ஒரே விதமாக மாற்றியடுக்கப்பட்டிருந்தது. அப்படியானால் அவை ஒரே தாய்ச் செல்லின் வழித்தோன்றல்கள். அத்தாய் ஒரு பி நிணநீரணு. அது தொற்றா, அழற்சியா, புற்றா என்று நூறாண்டுக்கு மேல் நீண்ட வாதம் அத்துடன் அடங்கியது. ‘ஹாட்ஜ்கின் நோய்’ என்ற பெயர் ‘ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா’ ஆயிற்று. கிருமி தேடியவர்கள் முற்றிலும் ஏமாந்துவிடவும் இல்லை: எப்ஸ்டீன்–பார் நச்சுயிரியின் மரபணு இந்நோயாளர்களில் ஒரு பகுதியினரின் ரீட்–ஸ்டெர்ன்பெர்க் செல்களில் 1980களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டிருந்தது. வளரும் நாடுகளின் குழந்தைகளில் அப்பகுதி மிகப் பெரியது.

ரீடின் காலத்தில் இந்த வேறுபாட்டால் நோயாளிக்கு விளைந்த பயன் சிறிது. காசநோய்க்கும் மருந்தில்லை, ஹாட்ஜ்கினுக்கும் மருந்தில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இரண்டுக்கும் மருந்து வந்தது. 1970இல் வெளியான நான்குமருந்துச் சிகிச்சை முடிவுகளும், பின்னர் மிலானில் போனடோன்னா உருவாக்கிய ஏபிவிடி முறையும் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவைப் பெரும்பாலோர் குணமடையும் நோயாக மாற்றின. அதன்பின் கணுவைத் தவறாகப் படிப்பது வெறும் அறிவுப் பிழையாக இருக்கவில்லை, உயிரிழப்பாயிற்று.

இந்தியாவில் அத்தவறு நேரும் விதம் ஏறத்தாழ ஒன்றேதான். இளைஞர் ஒருவருக்குக் கழுத்தில் கட்டி, மாலைக் காய்ச்சல். மெல்லிய ஊசியால் உறிஞ்சிச் சோதிக்கிறார்கள். செலவு குறைவு, தழும்பு இல்லை, அன்றே முடிவு. இந்திய மருத்துவமனைகளில் இம்முறை வேரூன்றியதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் ஊசி சில துளி செல்களைத்தான் கொண்டுவரும்; கணுவின் அமைப்பைக் கொண்டுவராது. நூற்றுக்கு ஒன்றிரண்டாக இருக்கும் செல் அத்துளியில் வராமலே போகலாம். ஹாட்ஜ்கின் கணுவிலும் கிரானுலோமா எனப்படும் அழற்சி முடிச்சுகள் தோன்றுவதுண்டு. அவை மட்டும் வந்தால் அறிக்கை ‘கிரானுலோமா அழற்சி’ என்று எழுதப்படும். இந்த நாட்டில் அதற்குக் காசநோய் என்றே பொருள். கிருமி தெரியவில்லை என்பது தடையாக இருப்பதில்லை, ஏனெனில் கணுக் காசநோயில் கிருமி நிறமேற்றலில் தெரியாமலிருப்பது வழக்கம். ஆறுமாத மருந்து தொடங்குகிறது.

இங்கே நோயே மருத்துவரை ஏமாற்றுகிறது. ஹாட்ஜ்கின் நோயில் காய்ச்சல் சில வாரம் எழுந்து சில வாரம் தணியும் என்பதைப் பெல், எப்ஸ்டீன் இருவரும் 1880களிலேயே எழுதினர். கணுவும் தானாகச் சற்று வற்றி மீண்டும் பெருப்பதுண்டு. தணிந்த வாரங்கள் மருந்து பலித்த வாரங்களாகத் தெரியும். ஏதோ காரணத்துக்காக இடையில் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டிருந்தால் கட்டி கரைவதே கண்ணுக்குத் தெரியும். லிம்ஃபோமா ஸ்டீராய்டுக்குச் சிறிது காலம் பணியும். பின்னர் கட்டி பெருத்தாலோ, உண்மையான கணுக் காசநோயிலும் மருந்து உட்கொள்ளும்போதே கட்டி முரணாகப் பெருப்பதுண்டு என்ற பாடம் நினைவுக்கு வந்து இன்னும் சில மாதம் காத்திருக்கச் செய்யும். ஒவ்வொரு படியும் தனித்தனியே நியாயமானது. மொத்தமாகக் கூட்டினால் நோயாளி புற்றுநோய் மருத்துவமனை வாயிலை அடையும்போது நோய் கழுத்திலிருந்து மார்புக்கும் வயிற்றுக்கும் இறங்கியிருக்கும்.

மருத்துவரைப் பழிப்பதில் பொருளில்லை. ஸ்டெர்ன்பெர்க்கின் வியன்னாவில் இருந்த அதே நிலைதான் இங்கும்: காசநோய் எங்கும் நிறைந்திருக்கும்போது, காசநோய் என்று சொல்பவர் பெரும்பாலும் சரியாகவே சொல்வார். அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லுக்கு வெளியே நிற்பவருக்காகத்தான் ஆய்வகம். 2010இல் உலக நலவாழ்வு நிறுவனம் ஏற்று, 2013இல் நிணநீர்க்கணுத் திசுவுக்கும் பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை, கிருமியின் மரபணுவைச் சில மணி நேரத்தில் தேடித் தருகிறது. அது ‘உண்டு’ என்றால் காசநோய் உண்டு. ‘இல்லை’ என்றால் இல்லை என்று பொருளன்று; ‘உண்டு’ என்றாலும் அதே கணுவில் லிம்ஃபோமா இல்லை என்று பொருளன்று. இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்று ரீட் சொன்னது அப்படியே நிற்கிறது. இரத்தப் புற்றுநோய்களில் பெரும்புரட்சி செய்த ஃப்ளோ சைட்டோமெட்ரியும் இங்கே கைகொடுப்பது குறைவு. ஆயிரக்கணக்கான செல்களை விரைந்து எண்ணும் அக்கருவியின் வழக்கமான செய்முறையில், அரிய, பெரிய, பிற அணுக்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ரீட்–ஸ்டெர்ன்பெர்க் செல் நழுவிவிடும்.

ஆகவே கணுவை முழுதாக எடுத்துப் பார்ப்பதே இன்றும் தீர்ப்பு. அதிலும் அறுவையரங்கில் ஒரு சிறு செயல் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. எடுத்த கணு பெரும்பாலும் நேராக ஃபார்மலின் குப்பியில் விழுகிறது. ஃபார்மலின் திசுவின் அமைப்பைக் காக்கும். அதிலுள்ள கிருமியைக் கொல்லும். அதன்பின் அக்கணுவில் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க வழியே இல்லை. கணுவை அங்கேயே இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஃபார்மலினிலும் மறு பாதியை வெறும் உப்புநீரிலும் இட்டு, இரண்டு ஆய்வகங்களுக்கும் தனித்தனியே அனுப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது. எத்தனையோ அறுவையரங்குகளில் இன்னும் ஒரே குப்பிதான் வைக்கப்படுகிறது.